காதர்பேட்டை சர்வரை ரிஜெக்ட் செய்த பத்து நாட்கள்

இந்த நாற்காலிக்கு வரப்போகிற உங்களுக்காக ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். நாற்பது பக்கம். கடவுச்சொல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எந்தப் புகாருக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் அனுப்ப வேண்டும், சர்வர் படுத்துவிட்டால் யாரை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. நானே எழுதியது என்பதால் சொல்கிறேன், நல்ல கோப்பு. அதை எழுதிய ஆளே, அதைப் பக்கத்து அலமாரியில் வைத்துக்கொண்டே, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பட்டனை அழுத்தி, வேலம்பாளையத்தில் பன்னிரண்டு டெய்லர்களை வைத்துத் தொழில் நடத்திய ஒரு பெண்ணின் பிழைப்பைக் கவிழ்க்கப் பார்த்தார். அந்தச் சம்பவத்தை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கணினி படித்தவன் அல்ல. இந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். பனியன் கழுத்தில் கால் அங்குலம் கூடினால் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததைப் படிவத்தில் ஏற்றுவது, ஏற்றியதற்கு மூன்று பேரிடம் கையெழுத்து வாங்குவது என்று காலம் போனது. கடைசி நான்கு வருடம் சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "விதிமுறையெல்லாம் உங்களுக்குத்தானுங்க சார் அத்துப்படி" என்று முதலாளி சொன்னபோது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த வேலைக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இயந்திரத்தைப் பராமரிக்கக் கோவையில் ஒரு தம்பி ஒப்பந்தத்தில் இருந்தார். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பது மட்டும் என் பொறுப்பு. இனி உங்கள் பொறுப்பு.

பனியன் கம்பெனிக்கு எதற்குச் சொந்தமாகச் சமூக வலைத்தள சர்வர் என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். எங்களிடம் ஒரு மெர்ச்சண்டைசர் இருந்தார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் தையல் கூடத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது. அவர் ஒருநாள் வேலையை விட்டுப் போனார். கூடவே அவருடைய கைப்பேசியும் போனது. எந்தச் சாயப்பட்டறை சொன்ன தேதியில் கொடுக்கும், எந்தத் தையல் கூடத்தில் இந்த வாரம் மெஷின் காலி என்ற விவரமெல்லாம் அந்தக் கைப்பேசியில் இருந்த குழுக்களுக்குள் கிடந்தது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஒரு பெரிய தளம் எங்கள் கம்பெனியின் பக்கத்தைக் காரணம் சொல்லாமல் மூடியிருந்தது. முதலாளி இரண்டையும் சேர்த்து யோசித்து, "நம்ம ஊட்டுச் சாவி எதுக்குங்க அடுத்தவங்க கையில?" என்றார். சர்வர் வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வெளியூர்க்காரர்களுக்கு அரை நாள் வகுப்பு வேண்டும். நமக்கு வேண்டியதில்லை. ஒரு பனியன் உருவாவதைப் பாருங்கள். நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், பிரிண்டிங் இன்னோரிடம், தையல் நாலாவது இடம். ஒவ்வொன்றுக்கும் தனி முதலாளி. யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. ஆனால் சரக்கோடு போகிற டெலிவரி சலானை எல்லோராலும் படிக்க முடியும். யார் அனுப்பியது, யாருக்கு, என்ன, எத்தனை என்று எழுதியிருந்தால் போதும், வேலை நடந்துவிடும். சர்வர்களும் அப்படித்தான். எங்களுடையது நாலு வரி எழுதிப் போடுகிற தளம். காதர்பேட்டை மொத்த வியாபாரிகள் நடத்தியதும் அதே வகை. பல்லடம் சாலையில் இருக்கும் ஜவுளிப் பயிற்சிக் கல்லூரி நடத்தியது வீடியோ தளம். ஒரு பிரிண்டிங் யூனிட் படங்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தது. மென்பொருள் வேறு, முகம் வேறு, நடத்துகிறவர் வேறு. அவற்றுக்கிடையே போய்வருகிற சலான் மட்டும் ஒன்று. அதனால் எங்கள் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் ஒரு சூப்பர்வைசர் இங்கே உட்கார்ந்தபடியே கல்லூரியின் வீடியோக்களைப் பின்தொடரலாம், வீடியோவின் கீழே கேள்வி எழுதலாம். காதர்பேட்டை சர்வரில் இருப்பவர் அங்கிருந்தபடியே பதில் எழுதலாம். மூன்று சர்வர், ஒரே பேச்சு.

அந்தப் பேச்சில் நன்றாகக் காது கொடுத்தவர் ஸ்டெல்லா. குண்டடம் பக்கத்துக்காரர். வேலம்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பன்னிரண்டு மெஷின் போட்டுப் பவர் டேபிள் நடத்தினார். பெரிய கம்பெனிகள் வெட்டித் தருகிற துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் கூடத்துக்கு இங்கே அதுதான் பெயர். முதன்முதலில் காதர்பேட்டைக் கடைகளுக்குத்தான் தைத்தார் என்பதால் அவருடைய கணக்கும் காதர்பேட்டை சர்வரில் இருந்தது. பிறகு எங்கள் மெர்ச்சண்டைசர்கள் பதினாலு பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். "வியாழன்ல இருந்து ஓவர்லாக் மெஷின் ஆறும் சும்மா இருக்குதுங்க" என்று அவர் ஒரு வரி எழுதினால் ஒரு மணி நேரத்தில் யாராவது ஒருவர் தைக்க வேண்டிய துணியை ஒரு லாட்டாகக் கட்டி அனுப்பிவிடுவார். இரண்டு வருடமாக அவருடைய தொழில் அந்த ஒரு வரியில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது. ஸ்டெல்லா என்று ஒருவர் இருப்பதே தெரியாது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

வரவேற்பறையில் பெரிய திரை ஒன்று வைத்திருக்கிறார்களே, அது முதலாளியின் ஆசை. எங்கள் சர்வருக்கு வந்து சேர்கிற பதிவுகள் எல்லாம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். வருகிற பையருக்கு நாம் எவ்வளவு உயிரோட்டமான கம்பெனி என்று தெரிய வேண்டுமாம். அன்று பதினொரு மணிக்கு ஒரு பையரின் ஆட்கள் வருவதாக இருந்தது. பத்தே முக்காலுக்குத் திரையில் லாட்டரி விளம்பரம் ஓடியது. அதற்குப் பின்னால் கடன் தருகிறோம் என்று ஒன்று. அதற்குப் பின்னால் வந்த படத்தை நான் விவரிக்க மாட்டேன். வரவேற்பில் இருந்த பெண் ஒரு காலண்டரை எடுத்துத் திரையை மறைத்துக்கொண்டு நின்றாள். திரை பெரியது, காலண்டர் சிறியது.

எல்லாம் காதர்பேட்டை சர்வரிலிருந்து வந்தது. யாரோ நூற்றுக்கணக்கில் போலிக் கணக்குகளைத் திறந்து, எங்கள் ஆட்களின் பெயர்களைக் குறிப்பிட்டுக் குறிப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதலாளி மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"என்னங்க சார் அது?"

"பார்க்கிறேங்க."

"பாக்கறதுக்கு இல்லீங்க, நிறுத்தறதுக்குத்தான் உங்களெ வெச்சிருக்கு."

திரையை அணைத்திருக்கலாம். சுவிட்ச் சுவரில் இருந்தது. இதை நீங்கள் சிரிப்பதற்காகச் சொல்கிறேன். அவசரத்தில் மனிதனுக்குத் தன் வேலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். என் வேலை சுவிட்ச் அல்ல.

தரக்கட்டுப்பாட்டில் என்னைப் பழக்கிய அதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு லாட்டில் குறிப்பிட்ட அளவு பீஸ்களை உருவி எடுத்துப் பார், அனுமதித்ததைவிடக் குறை ஒன்று கூடினாலும் லாட் முழுவதையும் நிறுத்து, இரக்கப்படாதே என்பார். நல்ல விதி. ஆயிரம் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லாத தொழிலில் அதைவிட நல்ல விதி கிடையாது. இருபத்தாறு வருடம் அதன்படி நடந்திருக்கிறேன். கை தானாகவே அதைச் செய்யும்.

அன்றும் கை தானாகச் செய்தது. காதர்பேட்டையிலிருந்து கடைசியாக வந்த இருபது பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பதினேழு குப்பை. லாட் ரிஜெக்ட்.

நிர்வாகப் பக்கத்தில் மூன்று வழிகள் இருக்கும். தவறு செய்கிற கணக்கை மட்டும் தூக்கலாம். அந்த சர்வரையே ஓரமாக வைக்கலாம், அதாவது அங்கிருந்து வருவது பொதுத் திரையில் தெரியாது, ஏற்கெனவே பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். மூன்றாவது முழுத் தடை. நான் மூன்றாவதை அழுத்தினேன். இயந்திரம் நல்ல பிள்ளையாக ஒரு பக்கத்தைக் காட்டியது. இதைச் செய்தால் இரு பக்கமும் ஒருவரையொருவர் பின்தொடர்கிற இணைப்புகள் இத்தனை அறுபடும், பிறகு தடையை நீக்கினாலும் அவை திரும்பி வராது, உறுதிதானா என்று கேட்டது. முப்பது வார்த்தை இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கால் நூற்றாண்டு காலம் திட்டியே சம்பளம் வாங்கியவன் நான். படிக்காமல் 'உறுதி' என்றேன்.

திரை சுத்தமானது. பையரின் ஆட்கள் காபி குடித்தார்கள். முதலாளி இறங்கி வந்து தோளில் தட்டினார். எப்போது தட்டுகிறார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் செய்த பெரிய தவறுகள் எல்லாமே தோளில் தட்டு வாங்கியவை.

எந்தத் தடையையும் இரண்டு நாளில் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று கோப்பின் பதினேழாம் பக்கம் சொல்கிறது. அந்தப் பக்கத்தையும் நான்தான் எழுதினேன். வியாழக்கிழமை வந்தது, போனது. சத்தம் இல்லாத இடத்தில் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். சத்தத்தை நிறுத்தியதே நான்தான் என்பது நினைவுக்கு வரவில்லை.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் அலுத்துக்கொண்டே வந்தார். லைக்ரா துணியில் ஃப்ளாட்லாக் தையல் இடையிடையே விட்டுப்போகிறது என்று கல்லூரி வீடியோவின் கீழ் கேட்டிருக்கிறாராம், உருப்படியாக ஒருவரும் பதில் சொல்லவில்லையாம். "எல்லாரும் வணக்கம் போடறாங்க, வாழ்த்துச் சொல்றாங்க. ஊசிக்கு என்ன பண்றதுன்னு ஒருத்தனும் சொல்லலீங்க." நான் பார்த்தேன். எங்கள் சர்வரில் அந்த வீடியோவுக்குக் கீழே நான்கு கருத்துகள் இருந்தன. பழக்க தோஷம், கல்லூரியின் தளத்துக்கே போய் அதே வீடியோவைத் திறந்தேன். அங்கே பதினொன்று.

அனுப்பிய இடத்தில் பதினொன்று, வந்து சேர்ந்த இடத்தில் நான்கு. செக்கிங்கில் இருந்தவனுக்கு இதற்கு மேல் கணக்கு தேவையில்லை. ஏழு பீஸ் எங்கே?

ஏழும் காதர்பேட்டை சர்வரிலிருந்து எழுதப்பட்டவை. கல்லூரி அவற்றைத் தடுக்கவில்லை, அதனால் அங்கே தெரிந்தன. நான் தடுத்திருந்தேன், அதனால் எங்கள் வாசலில் நின்றுவிட்டன. அவற்றில் மூன்று ஸ்டெல்லா எழுதியது. முதல் பதிலில் ஊசியின் எண்ணை மாற்றச் சொல்லியிருந்தார். இரண்டாவதில் லூப்பருக்கும் ஊசிக்கும் இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார். எங்கள் சூப்பர்வைசர் பத்து நாளாகத் தேடிய பதில் அது. மூன்றாவது அன்று காலை எழுதியது.

"அண்ணா, நான் எழுதறது உங்களுக்குத் தெரியுதுங்களா? உங்க கம்பெனில யாருமே பதில் சொல்றதில்லீங்க. நாளைக்கு இருக்கற லாட் முடியுது. திங்கக்கிழமைக்கு வேலை இல்லீன்னா பசங்க எல்லாம் போயிருவாங்க. எதாவது தப்பு நடந்திருந்தாச் சொல்லிருங்க, திருத்திக்கறேன்."

பவர் டேபிளில் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதே திங்கட்கிழமை வேலை உண்டா என்று டெய்லர்கள் கேட்பார்கள். இல்லை என்றால் பக்கத்துக் கொட்டகைக்குப் போவார்கள். ஒருமுறை போனவர்களைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். டெய்லர் இல்லாத மெஷினுக்கு யாரும் லாட் கொடுப்பதும் இல்லை. ஆக, அந்தப் பெண்ணுக்கு மறுநாள் சாயங்காலம் வரைதான் நேரம்.

முதலில் காதர்பேட்டை சர்வரை நடத்துகிற ரஃபீக் பாய்க்குப் போன் போட்டேன். உள்ளாடை மொத்த வியாபாரி. கடையில் பில் போடுகிற கணினிக்குப் பக்கத்திலேயே சர்வரையும் வைத்திருந்தார்.

"பாய், உங்க சர்வர்ல அன்னைக்குக் குப்பை வந்துச்சே..."

"எந்தக் குப்பைங்க சார்? அது போன வாரத்துக் குப்பையாச்சே. அன்னைக்கு மத்தியானமே எல்லாத்தையும் தூக்கிட்டேன். புதுசா யாரும் நுழையாத மாதிரி வாசலையும் சாத்திட்டேன்."

"அப்படியா."

"ஏன், உங்க பக்கம் இன்னும் வருதுங்களா?"

"இல்லை. நான் உங்க சர்வரையே தடை பண்ணிட்டேன்."

போனில் கடைச் சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் டஜன் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பத்து நாளாங்க சார்?"

"ஆமா."

"ஒரு போன் போட்டிருக்கலாமேங்க. என் நம்பர் கடைப் பலகையிலேயே எழுதியிருக்கு. பனியன் வேணும்னா மட்டும் தேடிப் பிடிச்சுக் கூப்பிடறீங்க."

தடையை நீக்கினேன். ஒரு நிமிட வேலை. பிறகு ஸ்டெல்லாவின் பக்கத்தைத் திறந்து எங்கள் ஆட்கள் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. கோவைத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"சார், நீங்க கதவைத் திறந்துட்டீங்க. ஆனா முன்ன வந்துட்டிருந்தவங்களோட பேரையெல்லாம் நோட்டுல இருந்து அன்னைக்கே கிழிச்சாச்சு. அவங்கவங்களா வந்து மறுபடி எழுதணும்."

"நம்மால எழுத முடியாதா?"

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் ஃபாலோ பண்ண முடியாதுங்க சார். யார் யார் அறுந்தாங்கன்னு லிஸ்ட் இருக்கும். அதை வேணா எடுத்துக்கங்க."

தரக்கட்டுப்பாட்டில் நாங்கள் நிறுத்துகிற லாட் திரும்பி வந்தால் ஒரு நூல்கூடக் குறைந்திருக்காது. நூறு சதவீதம் செக் செய்து, சீல் மாற்றி, மறுபடி லாரியில் ஏற்றலாம். இங்கே நான் நிறுத்தியது சரக்கை அல்ல, இரண்டு சர்வரிலுமாக நூற்றைம்பது பேருக்கு நடுவே இருந்த பழக்கத்தை. அதை அட்டைப் பெட்டி என்று எடுத்துக்கொண்டேன். என் தவறு இவ்வளவுதான். சொல்லும்போது சிறியதாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் வேலம்பாளையம் போனேன். கொட்டகைக்குள் மெஷின்கள் ஓடின, ஆனால் அவசரமில்லாத ஓட்டம். கடைசி லாட்டை இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. நான் யார் என்று சொன்னதும் ஸ்டெல்லா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"போன மாசம் நெக் ரிப் கால் இஞ்ச் வித்தியாசம் வந்துச்சே, அதுக்குத்தானுங்களே?"

"எதுக்கு?"

"என்னை நிறுத்துனது. எனக்குத் தெரியுமுங்க. அதுக்கப்புறம் ரெண்டு தடவை அளந்துதான் கட்டறோம். பாருங்க, டேப்பு கூடப் புதுசு."

"அம்மா, உங்களை யாரும் நிறுத்தலை."

"உங்க மெர்ச்சண்டைசர் கார்த்தியண்ணனுக்கு மூணு தடவ போன் பண்ணுனனுங்க. எடுக்கலீங்க. சரி, வேண்டாங்கறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

இந்த ஊரின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உனக்கு வேலை இல்லை என்று இங்கே யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. போனை எடுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று தடவை எடுக்காவிட்டால் அதுதான் பதில். காரணம் கேட்டுப் போய் நிற்பது மரியாதை அல்ல என்று நினைக்கிற ஊர். என் பட்டன் அந்த வழக்கத்தோடு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது பாருங்கள். வேறு ஊராக இருந்தால் இரண்டாம் நாளே யாராவது கேட்டிருப்பார்கள், என்னய்யா உங்கள் சர்வர் கெட்டுவிட்டதா என்று. இங்கே ஒரு பெண் பத்து நாள் தன் பனியன்களின் கழுத்துப் பட்டி ரிப்பை அளந்துகொண்டிருந்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். லாட்டரி விளம்பரம், காலண்டர், பட்டன், எல்லாவற்றையும். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப எங்க மேல தப்பில்லீங்களா?"

"இல்லை."

"அதைக் கொஞ்சம் பசங்ககிட்டச் சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

டெய்லர்களில் பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். மீதியில் நாலைந்து பேர் மதுரைப் பக்கம். ஓவர்லாக்கில் இருந்த ஒருவர் தலையைத் தூக்கி, "தீதி, சோம்வார் காம் ஹை?" என்று கேட்டார். அக்கா, திங்கட்கிழமை வேலை உண்டா என்று. ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் உண்டு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். உண்டு என்பது அப்போது உண்மை இல்லை. நாளை என்ற பொருளில் "கல்" என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று அர்த்தப்படுத்திக்கொண்டார்கள். மதுரைக்காரர் ஒருவர் மட்டும், "இவுக நாளைக்கும் இதையேதான் சொல்லுவாக" என்று பக்கத்து மெஷினிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனேன். அறுந்த இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டிருக்கலாம். கம்பெனி மின்னஞ்சலை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது, அவற்றை இருபத்தாறு வருடம் எழுதியவனுக்குத் தெரியும். பெரும்பாலோர் கைப்பேசியை எடுத்து நான் சொன்ன பெயர்களை மறுபடி பின்தொடர்ந்தார்கள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. சீனியர் மெர்ச்சண்டைசர் கார்த்தி மட்டும் கைப்பேசியைத் தொடவில்லை.

"ஸ்டெல்லாக்காதான் என்னைத் தன் லிஸ்ட்ல இருந்து எடுத்து வுட்டுட்டாங்க சார். நான் அவங்களுக்கு எவ்வளவு லாட் குடுத்திருக்கேன். திடீர்னு ஒருநாள் பாத்தா ஆளக் காணோம். சரி, பெரிய கம்பெனி எதாவது கெடச்சிருச்சாட்ட இருக்குதுன்னு நானும் வுட்டுட்டேன்."

"அதனாலதான் போனை எடுக்கலையா?"

"அவங்களே வேண்டாம்னு போயிட்டு, அப்பறம் எதுக்குங்க போனு?"

"அவங்க போகலை. நான் அறுத்தேன். உன்னையும் சேர்த்து."

கார்த்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய செக்கிங் ரிப்போர்ட்டில் தேதி போட மறந்ததற்காக ஒருமுறை அவரை அரை மணி நேரம் நிற்க வைத்துப் பேசியிருக்கிறேன். அது அவருக்கு அப்போது நினைவு வந்திருக்கும். எனக்கும் வந்தது. நல்ல மனிதர். "எங்க கையெழுத்துப் போடணுங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

அவரிடம் குழந்தைகள் டீ-ஷர்ட் லாட் ஒன்று வெட்டித் தயாராக இருந்தது. வேறொரு பவர் டேபிளுக்குப் போக வேண்டியது. அங்கே கரன்ட் பிரச்சினை என்று இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். கார்த்தி கைப்பேசியை எடுத்தார். ஸ்டெல்லாவைத் தேடினார், பின்தொடர்ந்தார், எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு வரி எழுதினார். "அக்கா, திங்க காலைல எட்டு மணிக்கு வண்டி வரும். கிட்ஸ் ரவுண்ட் நெக். மெஷின் இருக்குதுங்களா?"

காலையில் பட்டியலோடு கிளம்பியவன் கார்த்தியிடம் வந்து முடித்தபோது மணி மூன்றே முக்கால். பதில் நாலு மணிக்கு வந்தது.

"இருக்குதுங்கண்ணா. மூணு பேர் மத்தியானமே கெளம்பிட்டாங்க. ஒம்பது மெஷின் ஓடும்."

மூன்று பேர். அவர்கள் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் வரை மூன்று மெஷின்கள் உறை போட்டே கிடந்தன என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆடிட்டில் இதையெல்லாம் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதுவோம். எழுதினேன். அது முழு உண்மை அல்ல என்பதை நீங்களாவது தெரிந்து வைத்திருங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் வேலம்பாளையத்துப் பவர் டேபிள்காரர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா தன் கணக்கை அங்கே மாற்றிக்கொண்டார். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் அது. வீடு மாறினால் பின்தொடர்கிறவர்கள் தாமாகவே புது விலாசத்துக்கு வந்துவிடுவார்கள். எழுதிய பழைய பதிவுகள் மட்டும் பழைய வீட்டிலேயே கிடக்கும். ஆனால் இதெல்லாம் நடுவில் யாரும் கதவைச் சாத்தாமல் இருந்தால்தான். அந்தப் பத்து நாளில் அவர் மாறப் பார்த்திருந்தால், மாறிய செய்திகூட எங்களுக்கு வந்திருக்காது.

ஸ்டெல்லா கிளம்பும்போது ரஃபீக் பாய் வாழ்த்துச் சொல்லி ஒரு டஜன் பனியன் கொடுத்தனுப்பினாராம். புது சர்வரில் யாரை உள்ளே விடுவது, யாரை நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது ஸ்டெல்லாவைத்தான் போட்டார்கள். அடிபட்ட அனுபவம் இருக்கிறதே.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வாரம் முன்பு, எங்கள் கம்பெனியின் பயிற்சியாளர் ஒருவருடைய கணக்கு யாரோ ஒருவர் கைக்குப் போய்விட்டது. கடவுச்சொல்லாக ஒரு பனியன் மாடலின் ஸ்டைல் எண்ணை வைத்திருந்தார். வைக்கக் கூடாது என்று கோப்பின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து லாட்டரி விளம்பரம் ஊரெல்லாம் பறந்தது. நான் அப்போது மத்தியானச் சாப்பாட்டில் இருந்தேன், எனக்குத் தெரியாது. கைப்பேசி அதிர்ந்தது. முதலில் ஸ்டெல்லாவிடமிருந்து அழைப்பு, கை கழுவிவிட்டு எடுப்பதற்குள் நின்றுவிட்டது. உடனே செய்தி வந்தது.

"சார், உங்க பக்கம் இருந்து டேமேஜ் வருதுங்க. லாட்டை நிறுத்தலீங்க. அந்த ஒரு பீஸை மட்டும் ஒதுக்கி வெச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு நிதானமாப் பாருங்க."

பாதிச் சோற்றில் எழுந்து போய் அந்தக் கணக்கை மூடினேன். பத்து நிமிடம் ஆனது. மூடிவிட்டேன் என்று எழுதினேன். "சரிங்க சார், இங்கயும் எடுத்து வுட்டுட்டேன்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஓர் இணைப்புகூட அறுபடவில்லை. அந்தப் பயிற்சியாளருக்குத் தன் பெயரில் லாட்டரி ஓடியது சாயங்காலம் வரை தெரியாது.

அலமாரியில் இருக்கும் கோப்பை எடுத்துப் பாருங்கள். நாற்பது பக்கம் என்று சொன்னேன், இப்போது நாற்பத்தொன்று. ஒரு பீஸை மட்டும் ஒதுக்கி வைத்த ஸ்டெல்லாவின் அந்தச் செய்தியை அச்செடுத்து முதல் பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறேன். அந்தக் கோப்பில் என் கையெழுத்து இல்லாத ஒரே பக்கம் அது.